எடை கூடி வந்தவர்கள்

என் அண்ணிக்கு எழுதி வைக்கும் வியாதி. வியாதி என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம், அவள் காதுபடவே. சிலிண்டர் மாற்றிய தேதி, பால் திரிந்துபோன தேதி, அண்ணன் செருப்பு வாங்கிய தேதி, நான் குடையை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராமல் இருக்கும் தேதி என்று எல்லாமே சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில் பொடிப்பொடி எழுத்தில் இருக்கும். "இந்த வீட்ல தும்மினாக்கூட தேதி போட்டு வச்சுடுவா" என்பான் அண்ணன். அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே எழுதிவிடுவாள்.

பிழைப்பும் அதற்குத் தோதாகத்தான் அமைந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் வேலை. இருபத்து மூன்று வருடமாகக் கைக்குழந்தைகளைத் தட்டில் கிடத்தி, அது அழுது உதைத்து ஓய்கிறவரை காத்திருந்து, முள் நின்ற பிறகு அட்டையில் எழுதுகிறாள். வருகிற தாய்மார்களில் நாலில் ஒருத்தி கெஞ்சுவாள். "அக்கா, ஒரு நூறு கிராம் கூடப் போட்டுக் குடுங்கக்கா. மாமியார் என்னைத்தான் திட்டுவாங்க." அண்ணியிடம் ஒரே பதில்தான். "நூறு கிராம் நான் எழுதினா அட்டைதாம்மா கனக்கும். குழந்தை கனக்காது." என் மகனுக்கு எட்டு மாதம் இருக்கும்போது, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் "இவனுக்கு எடை பத்தல" என்று சொன்னாள். நான் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு டாக்டரும் அதையே சொன்னார். அந்தக் கோபத்தில் இன்னொரு மாதம் பேசவில்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்கக் கட்டடங்களுக்குள் இருட்டுக் குழியில் கயிற்றோடும் கிரீஸோடும் கிடக்கிறவன், லீவு நாள் வந்தால் மலைக்கு ஓடிவிடுவான். எங்கள் ஊருக்குப் பின்னாலேயே மலை. மரம் குறைவு, பாறை அதிகம். வருடத்துக்கு நாலைந்து பேராவது அதில் வழிதவறுவார்கள். அவர்களைத் தேடிப் போக ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது. அதில் அண்ணன்தான் பெரிய கை. பதினைந்து வருடத்தில் பதினொரு பேரை அவன் கண்ணால் கண்டுபிடித்திருக்கிறான். குழுவில் அவனுக்குப் பெயரே 'மலையாடு'. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நாற்பத்தொன்பது வயதிலும் அவன் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில், யாரோ ஒரு புகைப்படக்காரரைத் தேடப் போன இடத்தில் அந்த மலையாடு சுருண்டு விழுந்தது. வெயில் அடித்துவிட்டது. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாள் நினைவில்லை. கண் விழித்து, ஒரு மாதம் வீட்டில் படுத்து, எழுந்து, மறுபடி மலைக்குப் போனான். "ஒண்ணும் இல்ல, சும்மா மயக்கம்" என்று எல்லோரிடமும் சொன்னான். நாங்களும் நம்பினோம். நம்புவது எங்களுக்கும் வசதியாக இருந்தது.

அவன் விழுந்ததால் குழுவுக்குப் புதிதாக ஒரு சட்டம் வந்தது. வெயில் காலத் தேடலுக்குப் போகிறவர்களை, ஷூவையும் பையையும் கழற்றவைத்து, போகும்போது ஒரு தரம் எடை பார்ப்பது, திரும்பியதும் ஒரு தரம் பார்ப்பது. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள், அடுத்த சுற்றுக்கு அவரை அனுப்பக் கூடாது. எடை பார்க்க யாரை உட்கார வைப்பது என்ற கேள்வியே எழவில்லை. அண்ணி ஆஸ்பத்திரியில் பெரியவர்களை நிறுத்திப் பார்க்கும் எந்திரத்தோடு வந்து உட்கார்ந்தாள். நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள், அதனால் வரைபடம் என் தலையில் விழுந்தது. குடும்பமே மலையைக் கட்டிக்கொண்டு அழுதது.

போன கோடையில் காணாமல் போனது ஒரு பல் டாக்டர். முப்பத்து நாலு வயதுப் பெண். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தனியாக ஏறியிருக்கிறாள். வெயில் காரணமாகப் பாதை மூடப்பட்டது என்ற பலகையை வனத்துறை ஊழியர் கொண்டுபோய் நட்டது காலை எட்டு மணிக்கு. அன்று பகல் நாற்பத்தாறு டிகிரி. இரவு அவள் வீடு திரும்பாததால் அவள் அப்பா போலீசுக்குப் போனார். மலையடிவாரத்தில் கார் நின்றிருந்தது. சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வனத்துறை ரேஞ்சரின் தலைமையில் தேடல் தொடங்கியது.

எங்களுக்குக் கிடைத்தது வனத்துறை அலுவலகத்தின் கூட்ட அறை. வெயில் உள்ளே வராமல் இருக்க ஜன்னல் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். ஏசி சத்தம் மட்டும் போட்டது. கதவைத் திறந்தால் அனல் வரும் என்பதால் யாராவது உள்ளே வந்ததும் "கதவு! கதவு!" என்று எல்லோரும் கத்துவோம். வெளிப்பக்கக் கைப்பிடியை வெறும் கையால் தொட முடியாது, ஒரு கந்தல் துணியைச் சுற்றிவைத்திருந்தார்கள். அந்த அறையில் ஷூ நாற்றமும் குளுகோஸ் மாவு வாசமும் கலந்து அடித்தது. பகல் எது, விளக்கு எது என்று தெரியவில்லை. கதவருகே எந்திரமும் நோட்டுமாக அண்ணி, சுவரோரம் வரைபடத்தோடு நான், மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பெண்ணின் அப்பா.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவராம். ஓய்வு பெற்றுவிட்டார். மகளுடைய காரின் மாற்றுச் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரையும் தொந்தரவு செய்யவில்லை. அதுதான் பார்க்கத் தாங்கவில்லை. கத்தி அழுகிறவர்களைச் சமாளித்துவிடலாம்.

மலையின் எங்கள் பக்கத்து முகத்தை நான் இருபத்திரண்டு கட்டமாகப் பிரித்திருந்தேன். ஆள் பற்றாக்குறை, அதனால் கட்டத்துக்கு ஒருவர்தான். கூப்பிட்டுக்கொண்டே தன் கட்டம் முழுவதையும் குறுக்கும் நெடுக்குமாக நடக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தரம் விசில் ஊத வேண்டும், பக்கத்துக் கட்டத்துக்காரர்களுக்கு இவர் விழுந்துவிடவில்லை என்று தெரிவதற்காக. பள்ளத்தில் போன் எடுக்காது. மேலே பறக்கவிட்ட ட்ரோன் சூட்டில் பேட்டரி உப்பி முதல் அரை மணியிலேயே கீழே விழுந்தது. ஆகவே ஆள், கால், விசில். நடந்து முடித்தவர் வந்து சொன்னால் அந்தக் கட்டத்துக்கு நான் பச்சை தீட்டுவேன். பச்சை போட்ட கட்டத்துக்கு மறுபடி ஆள் போவதில்லை. காலை வெயில் ஏறும்வரைதான் தேட முடியும் என்ற நிலையில் பார்த்த இடத்தையே பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது.

பத்தரை மணிக்கு ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். முதல் பச்சை தீட்டியபோது அந்த அப்பா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"பச்சைன்னா அந்த இடத்துல இல்லன்னு அர்த்தமாம்மா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப பச்சை ஆக ஆக அவகிட்ட நெருங்கிட்டே இருக்கோம். அப்படித்தானே?"

"அப்படித்தாங்கய்யா" என்றேன். தப்பில்லையே, கணக்குப்படி அது சரிதான்.

அண்ணன் ஏழாவதோ எட்டாவதோ ஆளாக வந்தான். ஷூவைக் கழற்றி எந்திரத்தில் ஏறி நின்றான். போகும்போது எழுபத்தொரு கிலோ இருநூறு. இப்போது எழுபத்திரண்டு நூறு. அண்ணி எழுதினாள். எழுதிய பேனா தாளைவிட்டு எழவில்லை. தலையைத் தூக்கி அவன் சட்டையைப் பார்த்தாள். இருபது வருடமாக அவன் மலைச் சட்டைகளை ஊறவைத்துத் துவைக்கிறவள் அவள். அவன் நடந்து வந்தால் முதுகில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். இந்தச் சட்டையில் அக்குளில் மட்டும் லேசான ஈரம்.

"என்ன, ஆள் இளைச்சிட்டேனா?" என்றான் அண்ணன், சுவரைப் பார்த்தபடி.

"இல்ல. இறங்குங்க, அடுத்தவர் ஏறட்டும்."

அவன் நேரே என்னிடம் வந்தான். பதினாலாம் கட்டத்தின் மேல் விரலை வைத்தான். "முழுக்கப் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. பச்சை போட்டுக்க." போட்டுக்கொண்டேன். அந்த அப்பா அண்ணன் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றி தம்பி, இந்த வெயில்ல" என்றார். அண்ணன் கையை உருவிக்கொண்டு தண்ணீர் டிரம் பக்கம் போனான்.

பன்னிரண்டு மணிக்குள் இருபத்திரண்டு கட்டமும் பச்சை. சாயங்காலச் சுற்றை அனல் காற்று என்று ரத்து செய்துவிட்டார்கள். குழுவினர் எல்லோரும் போன பிறகு அண்ணி நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இத கொஞ்சம் பாரு."

பார்த்தேன். புரிந்தது. புரியாத மாதிரி இருந்தேன். "சூட்டுல மெஷின் தப்பாக் காட்டியிருக்கும் அண்ணி."

அவள் கைப்பையில் எப்போதும் இரண்டு கிலோ இரும்புக் கல் ஒன்று இருக்கும். அதை எடுத்து எந்திரத்தில் வைத்தாள். சரியாக இரண்டு காட்டியது.

"தண்ணி நிறையக் குடிச்சிருப்பான்."

"நாலு லிட்டர் குடிச்சிருக்கார். நடந்திருந்தா அது வேர்வையாப் போயிருக்கும். உக்காந்திருந்தா வயித்துலதான் இருக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள், மூலையில் அந்த அப்பா இருந்தார். "அவர் நடக்கலம்மா. எங்கயோ நிழல்ல உக்காந்து விசில் ஊதிட்டு வந்திருக்கார்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. கூடப் பிறந்தவன் இல்லையா? "செத்துப் பிழைச்சவன் அண்ணி அவன். பதினொரு பேரைக் கண்டுபிடிச்சவன். ஒரு எண்ணை வச்சு ஊர் முன்னாடி அவன் மானத்த வாங்கப் போறீங்களா? உங்க புருஷன்தானே? பேசாம நோட்டை மூடி வைங்க. பதினாலாம் கட்டம் வெறும் பாறை, அங்க அவ எதுக்குப் போகப் போறா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி என் பேச்சை ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. அன்றைக்குப் பார்த்துக் கேட்டுத் தொலைத்தாள். நோட்டை மூடினாள். அவள் போன பிறகு நான் பதினாலாம் கட்டத்தின் மேல் இன்னொரு தரம் பச்சையை அழுத்தித் தீட்டினேன். எதற்கு என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

வீட்டில் நடந்ததைப் பிற்பாடு அண்ணி சொன்னாள். அன்று மாலை அண்ணன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "நீங்களே போய் ரேஞ்சர்கிட்ட சொல்லிடுங்க. ஒரு வார்த்தை போதும். முடியலன்னு சொன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றிருக்கிறாள். "சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றிருக்கிறான் அவன். அவள் மறுபடி கேட்டாள். அவன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான். அந்தச் சூட்டில் போர்வை! அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லையாம், பாவமாக இருந்ததாம். இருபத்து மூன்று வருடத்தில் நூறு கிராம் கூட்டி எழுதாதவள், அன்று ராத்திரி முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தாள். எழுதுவதுதான் அவளுக்குக் கைவந்த வேலை. வாய்விட்டுச் சொல்வது வேறு வேலை, அதுவும் தாலி கட்டியவனைப் பற்றி.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு அதே அறை. ராத்திரி முழுக்க அந்த அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்று காவலாளி சொன்னார். ரேஞ்சர் வரைபடத்துக்கு முன்னால் நின்றார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"இந்தப் பக்கம் முடிஞ்சிருச்சு. இருபத்திரண்டும் பச்சை. ஆள் இங்க இல்ல. இன்னைக்கு எல்லாரும் முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறோம். எடை பாத்துட்டு வண்டில ஏறுங்க."

அந்தப் பக்கம் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம். போனால் அன்றைக்கு இந்தப் பக்கம் திரும்ப முடியாது. அண்ணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வரிசையில் முதல் ஆளாக அண்ணன் எந்திரத்தில் ஏறி நின்றான். அவள் எண்ணைச் சொல்லவில்லை. அவன் இறங்கப் பார்த்தான்.

"நில்லுங்க" என்றாள். பிறகு ரேஞ்சரைப் பார்த்து, "அய்யா, ஒரு நிமிஷம்." நோட்டைத் திறந்து, குழந்தை எடையைச் சொல்லும் அதே குரலில் வாசித்தாள். "பதினாலாம் கட்டம். போகும்போது எழுபத்தொண்ணு இருநூறு. வரும்போது எழுபத்திரண்டு நூறு."

"அதனால என்னம்மா? குறைஞ்சாத்தானே தப்பு?"

"அஞ்சு மணி நேரம் அந்த வெயில்ல நடந்தவங்களுக்கு எடை கூடாதுங்கய்யா. பதினாலாம் கட்டத்துல யாரும் நடக்கல."

அண்ணன் எந்திரத்தின் மேலேயே நின்றான். இறங்கவும் தோன்றவில்லை அவனுக்கு. "என்னடி சொல்ற?" என்றான். இத்தனை வருடத்தில் அவன் அவளை 'டி' போட்டு நான் கேட்டதில்லை.

ரேஞ்சர் நோட்டை வாங்கினார். நல்ல மூளைக்காரர் அவர். ஒரு வரியோடு நிறுத்தவில்லை. பேனாவை எடுத்து இருபத்திரண்டு வரியையும் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். கழிக்கக் கழிக்க அவர் முகம் போன போக்கை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை அந்த நோட்டில் எல்லோரும் தேடியது அதிகம் குறைந்தவர்களை மட்டும்தான். கூடியவர்களை யார் தேடினார்கள்? அண்ணியே தன் புருஷன் வரியைத் தவிர மற்றதை எழுதினாளே ஒழிய யோசிக்கவில்லை.

"ஒன்பது பேர்" என்றார் ரேஞ்சர்.

ஒன்பது பேர் ஷூ இல்லாத தங்கள் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர், மளிகைக்கடைக்காரர், ஒரு கல்லூரிப் பேராசிரியர். "கொஞ்ச நேரம்தான் சார் நிழல்ல ஒதுங்கினேன்" என்று பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் ஆரம்பித்தார்.

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்..."

"மாஸ்டர். எவ்வளவு நேரம்?"

"முழுக்க" என்றார் மாஸ்டர். அழுதுவிட்டார். ஆறடி உயரம், பிள்ளைகளை வெயிலில் ஓடவிடுகிறவர்.

கேவலம் என்னவென்றால் இவர்கள் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துகொண்டு, அக்கம்பக்கத்து விசில்களைக் கேட்டு, மற்றவர்களெல்லாம் நடக்கிறார்கள், நான் ஒருத்தன்தான் இப்படி என்று வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். என் கட்டத்தில் அவள் இருக்க மாட்டாள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். நான் அறைக்குள் உட்கார்ந்து நினைத்ததும் அதைத்தானே?

அந்த அப்பா எழுந்து வந்தார். "அப்ப இந்தப் பச்சையெல்லாம்?"

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஒன்பது கட்டம் பச்சை இல்லங்கய்யா."

பச்சைப் பென்சில் அழிக்க வராது. வெள்ளைத்தாளைக் கட்டம் கட்டமாக வெட்டி மேலே ஒட்டினேன். அவசரத்தில் கை பட்டுக் கோந்து பாட்டில் சாய்ந்தது. அவர் அதை எடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். ஒன்பது தாளும் ஒட்டி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். திட்டியிருக்கலாம் அவர். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ரேஞ்சர், முந்தின நாள் நடந்தவர்களை முடிந்தவரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து வெள்ளைக் கட்டங்களுக்கு அனுப்பினார். அண்ணன் யாரிடமும் கேட்கவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு தன் பதினாலாம் கட்டத்துக்குத் தனியாகப் போனான். அண்ணி அவன் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க நீட்டினாள். அவன் டிரம் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்ததில் வேறொன்றை எடுத்துக்கொண்டான்.

ஏழு நாற்பதுக்கு, மேட்டுக்கு ஏறிவந்து பேசிய ஒருவரின் குரல் வயர்லெஸ்ஸில் வந்தது. பதினேழாம் கட்டம், டிரில் மாஸ்டருடையது. கணுக்கால் உடைந்து ஒரு பாறை இடுக்குக்குள் ஊர்ந்து போயிருக்கிறாள். உள்ளே கல்லில் லேசாக நீர் கசிந்திருக்கிறது, அதை நக்கி இரண்டு நாள் ஓட்டியிருக்கிறாள். உயிர் இருக்கிறது. அந்த அப்பாவை நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உட்கார வைத்தோம்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் சிறுநீரகம் இரண்டும் அடிபட்டுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் எந்திரத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். பேச முடிந்ததும் அவள் முதலில் சொன்னது விசிலைப் பற்றி. "சனிக்கிழமை காலைல ரொம்பக் கிட்டக்க விசில் கேட்டுச்சு. கத்த முடியல, நாக்கு ஒட்டிக்கிச்சு. கால் மணிக்கு ஒரு தடவை கேட்டுச்சு. வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு நினைச்சுட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்துலருந்துதான் கேட்டுச்சு." பார்க்கப் போன எங்களிடம் இதைக் கோபமே இல்லாமல் சொன்னாள். அண்ணி எழுந்து வெளியே போய், நடைபாதையில் டாக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், ஒரு பதினெட்டரை மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா இந்த நிலைமை வந்திருக்காதுல்ல?"

"அப்படியெல்லாம் கணக்குப் போட முடியாதும்மா."

கணக்குப் போட முடியாது என்று அண்ணியிடம் முதன்முதலாக ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் அண்ணன் பதினொரு நாள் அவளோடு பேசவில்லை. குழுவிலிருந்து விலகிவிட்டான். லீவு நாளிலும் லிஃப்ட் குழிக்கே போனான். இரண்டு அறை வீடு அது. ஒருவரை ஒருவர் இடிக்காமல் பாத்ரூம்கூடப் போக முடியாது. அதற்குள் இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, பேசாமல் நடமாடினார்கள். அவள் தட்டை வைப்பாள், அவன் சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். நான் போனதுதான் சாக்கு. எனக்குச் சொல்கிற மாதிரி அவளுக்குச் சொன்னான்.

"என் கட்டத்துல ஒண்ணும் இல்ல. திரும்பப் போய் ஒரு கல் விடாம பாத்தேன். ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாத இடத்துக்காக என்னை அத்தனை பேர் முன்னாடி நிக்க வச்சா உங்க அண்ணி."

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இல்லன்னு ஞாயித்துக்கிழமை தானேங்க தெரிஞ்சுது? சனிக்கிழமை உங்களுக்குத் தெரியாதே."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான். "பயமா இருந்துச்சு" என்றான். "முதல் பாறைல காலை வச்சதும் அன்னைக்கு மாதிரியே காது அடைச்சுது. செத்துருவேன்னு நினைச்சேன். ரெண்டு வருஷமா ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டயா? நீ எழுதி வச்சிருவ."

நாங்கள் அவள் காதுபடச் சொல்லிச் சொல்லிச் சிரித்த அதே பேச்சுதான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அண்ணியின் உதடு கோணியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன்.

"எழுதினேன்" என்றாள். "எழுதிட்டு உங்களுக்காக வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். நீங்களே சொல்லுவீங்கன்னு. என் வாழ்க்கைல ஒரே ஒரு தடவைதான் பாவம் பாத்தேன், அதுவும் உங்களைப் பாத்து. அந்தப் பொண்ணு வாரத்துக்கு மூணு நாள் எந்திரத்துல படுத்துக் கிடக்கறா. என்னைக் கேட்டா அது உங்களாலயும் இல்ல, மாஸ்டராலயும் இல்ல. பதினெட்டரை மணி நேரம் நான் பேசாம இருந்ததால."

அண்ணன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். "நீ யாருக்கும் பயப்பட மாட்டியே. யார் சொன்னாங்க உன்னைப் பேசாம இருக்க?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "யாரும் சொல்லல. நானாத்தான் இருந்தேன்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.